கணைய அழற்சி கண்ட குழந்தைக்கு எப்போது சோறு ஊட்டுவது?

இரைப்பைக்குப் பின்புறம், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கிறது கணையம். இன்சுலினை ரத்தத்தில் கலப்பது அதன் ஒரு வேலை. சோறு, பருப்பு, எண்ணெய் என உண்ட எல்லாவற்றையும் செரிக்கும் நொதிகளைச் சிறுகுடலுக்கு அனுப்புவது இன்னொரு வேலை. குடலை அடைந்த பிறகே முடுக்கம் பெற வேண்டிய அந்த நொதிகள், கணையத்தின் செல்லுக்குள்ளேயே முடுக்கம் பெற்றுவிட்டால் கணையத் திசு அரிபடும், வீக்கம் பரவும். மருத்துவர்கள் இதைத் திடீர்க் கணைய அழற்சி என்கிறார்கள்.

பெரியவர்களுக்கு இந்நோய் வர முதன்மைக் காரணங்கள் பித்தக்கல்லும் மதுவும். குழந்தைகளிடம் காரணங்கள் சிதறிக் கிடக்கின்றன. கீழே விழும்போது சைக்கிள் கைப்பிடி வயிற்றில் குத்துவது, பித்தநாளத்தில் பிறவியிலேயே இருக்கும் நீர்க்கட்டி, பித்தக்கல், பொன்னுக்கு வீங்கி போன்ற வைரஸ் தொற்று, வலிப்புக்குத் தரும் வால்புரோயேட், ரத்தப் புற்றுக்குத் தரும் ஆஸ்பராஜினேஸ், பரம்பரையாக வரும் மரபணு மாற்றம், நாளத்துக்குள் ஏறிவிடும் உருளைப்புழு என்று பட்டியல் நீளும். காரணம் கடைசிவரை பிடிபடாத குழந்தைகளும் உண்டு. மேலைநாட்டுக் கணக்குகளின்படி ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளில் 3 முதல் 13 பேருக்கு இது வருகிறது. வயிற்றுவலி, ரத்தத்தில் அமைலேஸ் அல்லது லைப்பேஸ் அளவு வழக்கமான உச்ச வரம்பைப் போல் மும்மடங்கு உயர்வது, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் நோய் உறுதி என்ற வரையறையைக் குழந்தைகளுக்கென்று 2012இல் ஒரு பன்னாட்டுக் குழு வகுத்தது.

இதைத் தீர்க்கும் தனி மருந்து கிடையாது. உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்வது, வலியைத் தணிப்பது, உணவு கொடுப்பது ஆகிய மூன்றும்தான் வைத்தியம். இவற்றில் உணவைப் பற்றிய கருத்து ஒரு நூற்றாண்டுக்குள் தலைகீழாக மாறியிருக்கிறது. மாற்றத்துக்கான சான்றுகளில் பெரும்பகுதி பெரியவர்களிடமும், வளமான நகரங்களின் குழந்தைகளிடமும் திரட்டப்பட்டவை. கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறக்கிக் கொண்டுவரப்படும் ஒரு குழந்தைக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பது தனியே ஆராய வேண்டிய கேள்வி.

பட்டினி என்ற முதல் விடை

1889இல் பாஸ்டன் மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் இந்நோயின் முகத்தைத் தெளிவாக வரைந்து காட்டினார். 1896இல் பிராகு நகரின் நோயியல் அறிஞர் ஹான்ஸ் கியாரி, கணையம் தன்னைத்தானே செரித்துக்கொள்வதே நோயின் சாரம் என்றார். 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் செக்ரிட்டினைக் கண்டுபிடித்தார்கள். இரைப்பையிலிருந்து அமிலம் கலந்த உணவு முன்சிறுகுடலில் இறங்கியதும் அங்கிருந்து ஒரு வேதிப்பொருள் ரத்தத்தில் கலந்து கணையத்தைச் சுரக்க வைக்கிறது என்பது அதனால் புலப்பட்டது. கொழுப்பும் புரதமும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் வழியே நொதிச் சுரப்பைத் தூண்டுகின்றன என்பதும் பின்னர் தெரிய வந்தது.

இவற்றைக் கோத்துப் பார்த்தவர்களுக்கு முடிவு தானாகவே வந்தது. உணவு கணையத்தைத் தூண்டும். தூண்டினால் நொதி சுரக்கும். நொதி சுரந்தால் அரிப்பு கூடும். ஆகவே வாய்வழி எதுவும் தரக்கூடாது. கணையத்துக்கு ஓய்வு கொடுப்பது என்ற இக்கொள்கை பல தலைமுறை மருத்துவர்களை ஆண்டது. நோயாளியின் மூக்கில் குழாயை இறக்கி இரைப்பை நீரை உறிஞ்சி எடுப்பார்கள். டிரிப்ஸ் ஏற்றுவார்கள். வலி முழுதாக அடங்க வேண்டும், அமைலேஸ் இறங்க வேண்டும், குடல் ஓசை கேட்க வேண்டும். அதன் பிறகு தண்ணீர், அப்புறம் கஞ்சித் தெளிவு, அப்புறம் குழைந்த சோறு என்று படிப்படியாகப் போவார்கள். தமிழ்நாட்டில் இதற்கு எதிர்ப்பே எழவில்லை. ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று பட்டினியையே மருந்தாக மதித்த மரபும், மாந்தம் கண்ட குழந்தையின் வயிற்றைக் காயப்போடும் வீட்டுப் பழக்கமும் அதே பக்கம்தான் நின்றன.

கொள்கை தர்க்கத்தில் நேர்த்தியானது. ஆனால் அதன் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே சோதிக்கப்படாமல் இருந்தது. நொதிகள் முடுக்கம் பெறுவது நோயின் தொடக்க மணி நேரங்களில், செல்லுக்குள் நடக்கும் நிகழ்வு என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. குழந்தை மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் கட்டம் பெரும்பாலும் முடிந்திருக்கும். வீங்கிய கணையம் உணவின் தூண்டுதலுக்கு நலமான கணையம் அளவுக்குச் சுரப்பதில்லை என்பதும் தெரிந்தது. அதாவது பட்டினி எதைத் தடுக்க வேண்டுமோ அது ஒன்று நடந்து முடிந்திருந்தது, அல்லது நடக்கவே இல்லை.

பட்டினியின் விலையைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் நீர், 1957இல் ஹாலிடே, சீகர் இருவரும் வகுத்த வாய்பாட்டின்படி 1,250 மில்லி. அது முழுவதையும் 5 சதவீதக் குளுக்கோஸ் கலந்த டிரிப்ஸாக ஏற்றினாலும் கிடைப்பது ஏறக்குறைய 210 கிலோகலோரி. அந்தக் குழந்தையின் அன்றாடத் தேவை ஆயிரத்துக்கு மேல். புரதமோ ஒரு கிராம்கூட இல்லை. பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏறுகிறதே என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய் ஆறுதல் கொள்வாள். குழந்தைக்குப் போவதோ தேவையில் ஐந்தில் ஒரு பங்குதான். அழற்சி நேரத்தில் தசைப் புரதம் வழக்கத்தைவிட வேகமாகக் கரையும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஐந்தாறு நாள் பட்டினி ஒரு சிறு உடம்புக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பது விளங்கும்.

ரத்தநாள ஊட்டமும் அதன் சரிவும்

1968இல் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்டான்லி டட்ரிக் குழுவினர் குடலைத் தொடாமல் பெரிய சிரைநாளம் வழியாகவே முழு உணவையும் செலுத்தி உயிரையும் வளர்ச்சியையும் காக்க முடியும் என்று நிறுவினார்கள். கணைய ஓய்வுக் கொள்கைக்கு அது வரம்போல் வந்தது. குடலும் கணையமும் ஓய்வெடுக்கும், நோயாளியும் மெலிய மாட்டார். இரண்டும் ஒருசேரக் கைகூடும் என்று எதிர்பார்த்தார்கள்.

எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. 1987இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வில், தொடக்கத்திலேயே ரத்தநாள ஊட்டம் பெற்றவர்கள் எவ்வகையிலும் சீக்கிரம் குணமாகவில்லை. குழாய் வழித் தொற்றுதான் கூடியது. 1997, 1998 ஆண்டுகளில் அமெரிக்காவிலும் கிரேக்கத்திலும் இங்கிலாந்திலும் வந்த ஆய்வுகள், குடல் வழி ஊட்டம் பாதுகாப்பானது, தொற்றும் செலவும் குறைவு என்ற திசையைக் காட்டின. 2010இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு எட்டு ஆய்வுகளின் 348 நோயாளிகளை ஒருங்கே எடுத்துப் பார்த்து, குடல் வழி ஊட்டம் பெற்றவர்களிடம் இறப்பு, பல உறுப்புச் செயலிழப்பு, தொற்று மூன்றும் குறைந்ததைக் காட்டியது.

இதற்குச் சொல்லப்படும் விளக்கம் குடல் சுவரைப் பற்றியது. குடலின் உட்சவ்வு தன் ஊட்டத்தில் பெரும்பகுதியைத் தன் வழியே போகும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. உணவு வராத குடலின் சவ்வு மெலியும். குடல் கிருமிகள் ரத்தத்துக்கும், செத்துப்போன கணையத் திசுவுக்கும் கடந்து செல்ல வழி கிடைக்கும். விளக்கம் ஏற்கத்தக்கதே. ஆனால் மனிதரிடம், அதிலும் குழந்தைகளிடம், இந்தக் கடத்தலை நேரடியாக அளந்த சான்று குறைவு. முடிவு உறுதியாகவும் அதற்கான விளக்கம் சற்றுத் தளர்வாகவும் நிற்கிறது என்பதே சரியான மதிப்பீடு.

குழாயின் நுனி எங்கே இருக்க வேண்டும்?

குடலுக்கு உணவு வேண்டும் என்று ஒப்புக்கொண்ட பிறகும் ஓய்வுக் கொள்கை உடனே விடைபெறவில்லை. முன்சிறுகுடலைத் தாண்டி நடுச்சிறுகுடலில் உணவை விட்டால் கணையம் தூண்டப்படாது என்ற வாதம் எழுந்தது. அதற்கு நீண்ட குழாய் வேண்டும். எண்டோஸ்கோப்பியோ எக்ஸ்ரேத் திரையோ வைத்து நுனியை உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். குழந்தைகளில் இதற்கு மயக்கமருந்தும் தேவைப்படலாம். பெரிய மருத்துவமனைகளைத் தவிர மற்ற இடங்களில் இது எளிதில் நடக்கிற காரியம் அல்ல.

இந்தக் கேள்வியில் இந்திய ஆய்வுகளின் பங்கு பெரிது. 2005இல் கிளாஸ்கோவில் ஈட்டாக் குழுவினர் இரைப்பைக் குழாயும் நடுச்சிறுகுடல் குழாயும் ஏறத்தாழ ஒரே பலனைத் தருகின்றன என்று காட்டினர். அடுத்த ஆண்டே புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஆய்வும் அதையே சொன்னது. 2012இல் அதே எய்ம்ஸ் குழு கடுமையான நோய் கண்ட 78 பெரியவர்களை இரு பிரிவாக்கி, சாதாரண இரைப்பைக் குழாய் தொற்றிலும் வலியிலும் பின்தங்கவில்லை என்று காட்டியது. 2008இல் ஐதராபாத் ஆசிய இரைப்பைக் குடலியல் கழகத்தில், லேசான நோயாளிகளுக்கு முதல் வேளையிலேயே மென்மையான திட உணவு கொடுத்துப் பார்த்தார்கள். தெளிந்த நீராகாரத்தில் தொடங்கியவர்களைவிட அவர்கள் இரண்டு நாளுக்கும் மேல் முன்னதாக வீடு திரும்பினார்கள். வலி திரும்பி வருவது கூடவில்லை.

மாவட்ட மருத்துவமனைகளுக்கு இது பெரிய செய்தி. ரைல்ஸ் டியூப் என்று வார்டில் எல்லோரும் சொல்லும் எளிய மூக்குக் குழாயை எந்த அரசு மருத்துவமனையிலும் செவிலியர் இறக்கிவிடுவார். ரத்தநாள ஊட்டத்துக்கு மலட்டுத் தூய்மையான கலவை, தனி நாளக் குழாய், அன்றாட ரத்தப் பரிசோதனை எல்லாம் வேண்டும். அறிவியல் இங்கே செலவு மிகுந்த முறையிலிருந்து எளிய முறையை நோக்கி வந்திருக்கிறது. மருத்துவ வரலாற்றில் இப்படி நடப்பது அபூர்வம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட சிறுவங்கூர் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் இந்த மாற்றத்தின் பயன் முழுதாகக் கிடைக்கும்.

அவசரப்பட்டுக் குழாய் போடவும் வேண்டியதில்லை. 2014இல் நெதர்லாந்தில் 208 பெரியவர்களிடம் நடந்த பைத்தான் ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் குழாய் வழி ஊட்டியவர்களுக்கும், 72 மணி நேரம் வரை பார்த்து முடியாவிட்டால் மட்டும் குழாய் போட்டவர்களுக்கும் தொற்றிலோ இறப்பிலோ வேறுபாடு இல்லை. இரண்டாம் பிரிவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானோர் குழாயே இல்லாமல் வாயால் சாப்பிடத் தொடங்கிவிட்டனர்.

குழந்தைகளிடம் கிடைத்த சான்று

குழந்தைகள் சின்ன அளவிலான பெரியவர்கள் அல்லர். அவர்களின் நோய் பெரும்பாலும் லேசானது. சில நாளில் அடங்கும். கையிருப்புக் கொழுப்பும் தசையும் குறைவு என்பதால் பட்டினியைத் தாங்கும் காலமும் குறைவு. ஆகவே பெரியவர்களின் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, ஒதுக்கவும் முடியாது.

அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து 2015, 2016 ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் கவனம் பெற்றன. முதல் 48 மணி நேரத்துக்குள் உணவும், தொடக்கத்திலேயே தாராளமாகத் திரவமும் பெற்ற குழந்தைகள் குறைந்த நாளே மருத்துவமனையில் தங்கினர். நோய் முற்றுவதும் குறைந்தது. ஆனால் அவை பழைய பதிவேடுகளைப் புரட்டியும், முந்தைய நோயாளிகளோடு ஒப்பிட்டும் எழுதப்பட்டவை. முதலிலேயே தெம்பாக இருந்த குழந்தைக்கு உணவு சீக்கிரம் கொடுத்திருப்பார்கள் என்ற ஐயத்தை இத்தகைய ஆய்வால் முழுதாக விலக்க முடியாது.

அந்தக் குறையைத் தீர்க்க முயன்றது மெல்போர்னும் ஜெருசலேமும் சேர்ந்து நடத்தி 2020இல் வெளியிட்ட சீட்டுக்குலுக்கல் முறை ஆய்வு. ஒரு பிரிவுக்கு உடனே கட்டுப்பாடற்ற உணவு; மறு பிரிவுக்கு முதலில் பட்டினி, பிறகு கொழுப்பு குறைந்த உணவு. வீடு திரும்பும் நாளிலோ வலியிலோ வேறுபாடு தெரியவில்லை. உடனே உண்டதால் கேடு வரவில்லை என்பதே அதன் பயனுள்ள செய்தி. ஆனால் சேர்ந்தவர்கள் மொத்தம் 33 குழந்தைகள். இவ்வளவு சிறிய ஆய்வில் வேறுபாடு தெரியாதது, வேறுபாடே இல்லை என்பதற்குச் சான்றாகாது.

2018இல் வட அமெரிக்கக் குழந்தை இரைப்பைக் குடலியல் சங்கத்தின் கணையக் குழுவும் ஐரோப்பிய அமைப்பும் ஊட்டம் பற்றிய நிலைப்பாட்டை வெளியிட்டன. லேசான நோயில் வழக்கமான உணவைச் சீக்கிரமே வாய்வழி தொடங்கலாம்; முடியாவிட்டால் 72 மணி நேரத்துக்குள் குழாய் வழி; இரண்டுக்கும் வழியில்லாதபோதுதான் ரத்தநாளம் என்பது அதன் சுருக்கம். லைப்பேஸ் இறங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வலி துளியும் இல்லாமல் போக வேண்டும் என்பதும் இல்லை. வலிநிவாரணம் சரியாகக் கொடுத்தால் குழந்தை தானாகவே பசிக்கிறது என்று கேட்கும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலே உணவு.

விதிவிலக்குகளை அழுத்திச் சொல்ல வேண்டும். அதிர்ச்சி நிலையில் இருக்கும் குழந்தை, குடல் அடைப்போ குடல் அசைவின்மையோ கண்ட குழந்தை, அடிபட்டுக் கணைய நாளமே அறுந்த குழந்தை ஆகியோருக்கு இந்த விரைவு பொருந்தாது. ‘சீக்கிரம்’ என்ற சொல்லின் பொருளை நோயாளியின் நிலைதான் தீர்மானிக்கும், கடிகாரம் அல்ல. திரவத்திலும் இதே எச்சரிக்கை உண்டு. தாராளமாக ஏற்றுவதே நல்லது என்ற கருத்தை 2022இல் பெரியவர்களிடம் நடந்த வாட்டர்ஃபால் ஆய்வு அசைத்துவிட்டது; அளவுக்கு மீறிய திரவம் உடம்பில் தேங்கும் கேடு அதில் வெளிப்பட்டது.

கொழுப்பைக் குறைக்க வேண்டுமா?

ஓய்வுக் கொள்கையின் கடைசி மிச்சம் கொழுப்பு விலக்கு. எண்ணெய், நெய், முட்டை, தேங்காய் எல்லாவற்றையும் மாதக் கணக்கில் நிறுத்திவிடும் பத்தியம் நம் ஊர்களில் இன்றும் நடப்பில் உள்ளது. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு மிக உயர்ந்து அதனால் கணையம் வீங்கிய குழந்தைக்குக் கொழுப்புக் கட்டுப்பாடு அவசியம். அதில் கருத்து வேறுபாடு இல்லை. மற்ற லேசான நோய்களில், வழக்கமான கொழுப்போடு உண்ட குழந்தைகளுக்கு வலி கூடியதாகச் சின்சினாட்டி ஆய்வுகளில் தெரியவில்லை. வளரும் குழந்தையிடமிருந்து கொழுப்பை நீண்டகாலம் பறிப்பது கலோரியையும், கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் சேர்த்தே பறிக்கும்.

தேங்காயெண்ணெய் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, அதைச் செரிக்கக் கணைய நொதி வேண்டாம் என்று ஒரு கருத்து உலவுகிறது. அதில் பாதிதான் உண்மை. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். அது பெருமளவு நீண்ட சங்கிலிக் கொழுப்பைப் போலவே நடந்துகொள்கிறது. மருத்துவத்துக்கெனத் தயாரித்த நடுத்தரச் சங்கிலிக் கொழுப்புக்கு அது மாற்று அல்ல.

மலைமேல் இருக்கும் குழந்தை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு கல்வராயன். வெள்ளிமலையை மையமாகக் கொண்ட அதன் கள்ளக்குறிச்சிப் பகுதியில் மலையாளி பழங்குடியினர் வாழ்கிறார்கள். 1976வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாகவே வழக்கை எடுத்து விசாரித்தபோது சாலையும் மருத்துவ வசதியும் பேசுபொருளாயின. கணைய அழற்சியில் சாலைக்கு நேரடிப் பொருள் உண்டு. 48 மணி நேரம், 72 மணி நேரம் என்று ஆய்வுகள் எண்ணுவது மருத்துவமனையில் சேர்ந்த நேரத்திலிருந்து. குடலேற்றம் என்று வயிற்றை நீவிவிட்டு ஒரு நாள், புழுவாக இருக்கும் என்று மருந்து கொடுத்து ஒரு நாள், வண்டிக்குக் காத்து அரை நாள் போனபின் வந்து சேரும் குழந்தை, வாந்தியோடும் வெறும் வயிற்றோடும் ஏற்கெனவே இரண்டு மூன்று நாள் கழித்திருக்கும். அந்தக் குழந்தையின் கடிகாரத்தைப் பதிவேட்டிலுள்ள சேர்க்கை நேரத்திலிருந்து தொடங்குவது சரியாகாது.

இரண்டாவது, மெலிவு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள், 14.6 சதவீதத்தினர் உயரத்துக்கேற்ற எடையில்லாதவர்கள். இது மாநில சராசரி. அருகிலுள்ள ஜவ்வாது மலையில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நடத்திய குடற்புழு ஆய்வில் கொக்கிப்புழுவே மேலோங்கியிருந்தது. கொக்கிப்புழு கணைய நாளத்துக்குள் ஏறுவதில்லை. ஆனால் ரத்தத்தை உறிஞ்சிக் குழந்தையை வெளிறச் செய்யும். கணைய அழற்சி வந்து தாக்கும்போது அது தாக்குவது இப்படிப்பட்ட உடம்பையாக இருக்கலாம்.

கடுமையாக மெலிந்த குழந்தைக்குப் பசி தீரச் சட்டென ஊட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரிந்து இதயமே தடுமாறலாம். மறு ஊட்ட நோய்க்குறி எனப்படும் இந்த ஆபத்தை ஒதுக்கிவிட்டுச் ‘சீக்கிரம் ஊட்டு’ என்று மட்டும் சொல்வது அரைகுறை அறிவுரை. கடுமையான மெலிவுக்கு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எஃப்-75 பாலில் ஆற்றலின் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பிலிருந்து வருகிறது. அடுத்த கட்டமான எஃப்-100இல் பாதிக்கும் மேல். கணையத்துக்காகக் கொழுப்பைக் குறைப்பதா, மெலிவுக்காகக் கூட்டுவதா என்ற முரண் இங்கே எழுகிறது. மெலிவே கணையத்தையும் நலிய வைக்கும் என்பது 1960களில் தென்னாப்பிரிக்காவில் புரதக்குறைக் குழந்தைகளிடம் காணப்பட்டது. நொதிச் சுரப்பு குறைந்திருந்தது, சத்துணவு கொடுத்ததும் மீண்டது. நலிந்த கணையத்துக்குத் தேவை மேலும் ஓய்வா, புரதமா என்று கேட்டால், கிடைத்திருக்கும் சான்று புரதத்தின் பக்கமே சாய்கிறது.

மரவள்ளிமேல் விழுந்த பழி

வயிற்றுவலியோடு திரும்பத் திரும்ப வரும் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வரும்போது, மரவள்ளிக் கிழங்கு தின்றதால்தானோ என்ற கேள்வி இந்தப் பகுதியில் எழுவது இயல்பு. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சேலம் வட்டாரம் முழுவதும் மரவள்ளி பயிராகிறது. ஜவ்வரிசி ஆலைகளும் உண்டு. கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட மருத்துவ வரலாறும் இருக்கிறது.

1959இல் சுய்டெமா என்ற மருத்துவர் இந்தோனேசியாவில், மெலிந்த ஏழை இளைஞர்களிடம் கணையக் கல்லும் சர்க்கரை நோயும் சேர்ந்து வருவதை எழுதினார். 1960களில் கேரளத்தின் பி. ஜே. கீவர்கீஸ் இதே நோயை ஏராளமான நோயாளிகளிடம் விவரித்தார். குழந்தைப் பருவத்தில் வலி, பதின்வயதில் கல், இளமையில் சர்க்கரை என்று நகரும் வெப்பமண்டலக் கணைய நோய் அது. இரு இடங்களிலும் ஏழைகள் மரவள்ளியை நிறைய உண்டார்கள். மரவள்ளியில் உள்ள லினமாரின் உடம்பில் சயனைடை விடுவிக்கும். அதை முறிக்கக் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் தேவை. புரதம் குறைந்த உணவில் அவை இல்லை. ஆகவே கணையம் கெடுகிறது என்ற கருதுகோளை 1979இல் மெக்மில்லனும் கீவர்கீஸும் முன்வைத்தனர்.

கருதுகோள் கவர்ச்சியானது, ஆனால் நிற்கவில்லை. மரவள்ளி உண்ணாத வட இந்தியப் பகுதிகளிலும் இந்நோய் இருந்தது. மரவள்ளியே முதன்மை உணவான ஆப்பிரிக்கப் பகுதிகள் பலவற்றில் அது அரிதாக இருந்தது. 2000இல் சென்னை ஆய்வாளர்கள் எலிகளுக்கு நீண்டகாலம் மரவள்ளி கொடுத்துப் பார்த்தபோது கணைய அழற்சியோ சர்க்கரையோ வரவில்லை. 2002இல் ஐதராபாத் செல் மூலக்கூறு உயிரியல் மையத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள், இந்நோயாளிகளில் கணிசமானோரிடம் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டனர். செல்லுக்குள் முடுக்கம் பெறும் டிரிப்சினை அடக்கும் புரதத்தை ஆக்குவது அந்த மரபணு. மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆகவே உணவும் சூழலும் துணைக் காரணமாகலாம் என்ற கதவு மூடப்படவில்லை.

இன்றைய நிலையில், தோலுரித்து, நன்றாக வேகவைத்து, வெந்த நீரை வடித்துவிட்ட மரவள்ளியைக் கணைய நோயின் காரணம் என்று விலக்கச் சான்று போதாது. அதன் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. நோயாளிக்கு இதமானது என்று கொடுக்கும் ஜவ்வரிசிக் கஞ்சி ஏறக்குறைய முழு மாவுச்சத்து. நூறு கிராம் ஜவ்வரிசியில் ஒரு கிராம் புரதம்கூடத் தேறாது. அதையே ஒரு வாரம் குடிக்கும் குழந்தை சாப்பிட்டதாகத் தோன்றும், ஆனால் சத்தில்லாமலே இருக்கும். அதே அளவு சாமையில் 8 முதல் 10 கிராம், பயத்தம்பருப்பில் சுமார் 24 கிராம் புரதம் உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம். மலையில் விளையும் சாமையோடு பருப்பைக் குழைய வேகவைத்த கஞ்சி, இட்லி, முட்டை, தயிர்ச்சோறு என்று கிடைக்கும் உணவிலேயே கணையம் தேறும் குழந்தைக்கு வேண்டியது இருக்கிறது. அங்கன்வாடி சத்துமாவும், பள்ளிச் சத்துணவு முட்டையும் அதில் சேரும்.

தீராத கேள்விகள்

லேசான திடீர்க் கணைய அழற்சியில் குழந்தையைப் பட்டினி போடுவதற்கு இனி ஆதாரமில்லை என்பதை உறுதியாகச் சொல்லலாம். கடுமையான நோயில் குடல் வழி ஊட்டமே முதல் தேர்வு என்பதும் ஏறக்குறைய உறுதி. ஆனால் அதன் சான்று பெரியவர்களிடமிருந்து கடன் வாங்கியது. எத்தனை மணி நேரத்துக்குள் தொடங்கினால் ஒரு குழந்தைக்கு உண்மையில் நன்மை கூடுகிறது என்பதற்குப் போதிய எண்ணிக்கையுள்ள ஆய்வு தேவை. நோய் மீண்டும் மீண்டும் வரும் குழந்தைகள் ஏறத்தாழ 15 முதல் 35 சதவீதம். அவர்களுக்கு ஒவ்வொரு முறையும் அதே உணவு முறை போதுமா, எப்போது நொதி மாத்திரை சேர்ப்பது, எடையையும் ரத்தச் சர்க்கரையையும் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்பவற்றில் மையத்துக்கு மையம் வழக்கம் மாறுகிறது.

கடும் மெலிவும் கணைய அழற்சியும் ஒரே குழந்தையிடம் சேரும்போது எந்த அளவில் தொடங்கி எவ்வளவு வேகத்தில் கூட்டுவது என்பதே கல்வராயன் போன்ற இடங்களுக்கு முதன்மையான கேள்வி. இரு துறைகளின் வழிகாட்டுதல்களும் தனித்தனியே எழுதப்பட்டவை. ஒன்று மற்றதைப் பார்த்து எழுதப்படவில்லை. இரண்டையும் இணைத்த வழிகாட்டுதல் வரும்வரை பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் அன்றாடம் பார்த்துக்கொண்டு, சிறு அளவில் இரண்டு மூன்று மணிக்கொருமுறை ஊட்டுவதே பாதுகாப்பான நடுவழியாகத் தெரிகிறது.

குழாயில் எதைச் செலுத்துவது என்பதும் முடிவாகவில்லை. முன்பே செரிக்கப்பட்ட விலையுயர்ந்த கலவைகள் சாதாரண முழுப்புரதக் கலவைகளைவிட மேலானவை என்று பெரியவர்களிடம்கூட நிறுவப்படவில்லை. தானியக் கஞ்சி கெட்டியாகிக் குழாயை அடைக்கும். நீர்த்தால் சத்து குறையும். சமைத்து வைத்தால் கிருமி சேரும். கேழ்வரகை முளைகட்டி அரைத்த மாவில் உள்ள அமைலேஸ் கஞ்சியை இளக்கி, அதே அடர்த்தியில் அதிகச் சத்தைச் சுமக்க வைக்கும் என்பது இந்தியாவில் இணை உணவு ஆய்வுகளில் அறியப்பட்டது. கணைய நோய்க் குழந்தைகளிடம் அத்தகைய கஞ்சியைக் கடைக் கலவையோடு வைத்து முறையாக ஒப்பிட்டுப் பார்ப்பது, ஒரு மாவட்ட மருத்துவக் கல்லூரியின் சமையற்கூடமும் ஆய்வகமும் சேர்ந்து செய்யக்கூடிய ஆய்வு.